ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கோப்புகள்: ஜேசன் தரவுகளை ஒப்பிட்டு வேறுபாடு காணும் முறை

தைப்பூசக் காவடிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, எங்கள் கோயில் சமையல் குழுவினர் என்னிடம் இரண்டு ஜேசன் (JSON) கோப்புகளைக் கொடுத்தார்கள். ஜேசன் என்பது ஒவ்வொரு மதிப்புக்கும் சாவி என்னும் ஒரு பெயரிட்டுத் தரவுகளை எழுதும் உரை வடிவம். ஒன்று, சென்ற ஆண்டு ஏழு கறிச் சாப்பாட்டுக்காக வாங்கிய பொருள்களின் பட்டியல். மற்றொன்று, இந்த ஆண்டுக்கென்று வேறொருவர் வேறொரு மென்பொருளில் தயாரித்த பட்டியல். எது மாறியிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். இரண்டையும் கணினியில் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஏறத்தாழ எல்லா வரிகளும் மாறிவிட்டதாகத் திரை முழுவதும் சிவப்பும் பச்சையுமாகக் காட்டியது. பிறகு நிதானமாகப் பார்த்தபோது, உண்மையில் மாறியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று தெரிந்தது.

பள்ளியில் தமிழ் படித்து, இப்போது எபென் சைபர் நகரிலோ போர்ட் லூயிஸிலோ மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மொரிசியஸ் இளையவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வீட்டில் கிரியோல், அலுவலகக் கடிதத்தில் ஆங்கிலம், கணக்குத் தாளில் பிரெஞ்சு, கோயில் அறிவிப்பில் தமிழ் என்று வாழும் நமக்கு, ஒரே தகவல் பல உருவங்களில் வந்து சேர்வது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே ஒப்பீட்டுக் கருவியைத் திறப்பதற்கு முன்பே, எவற்றை வேறுபாடாகக் கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவைச் செய்து முடித்தவருக்கு எந்தக் கருவியும் நன்றாக உழைக்கும். செய்யாதவருக்கு விலையுயர்ந்த கருவியும் வெறும் வண்ணங்களையே காட்டும்.

முதல் படி: நகல் எடுத்து, கோப்பு செல்லுபடியாகுமா என்று பார்த்தல்

மூலக் கோப்புகளைத் தொடாமல், ஒரு தனி அடைவில் நகல் எடுத்து, அவற்றுக்குப் பழையது, புதியது என்று பெயரிட்டுக்கொள்ளுங்கள். பின்வரும் படிகளில் கோப்புகளின் உருவத்தை நாமே மாற்றப்போவதால், தவறு நேர்ந்தால் திரும்பிப் போக மூலம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டும் செல்லுபடியாகும் ஜேசன் கோப்புகள்தாமா என்று சோதியுங்கள். இதற்கு, கட்டளை கொடுத்து ஜேசன் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் ஜேகியூ (jq) என்னும் இலவசக் கருவி போதுமானது. ஒரு புள்ளியை மட்டும் கட்டளையாகக் கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொன்னால், கோப்பு சரியாக இருந்தால் அதை அழகாக உள்தள்ளி அச்சிடும். எங்காவது ஒரு காற்புள்ளி கூடியோ குறைந்தோ இருந்தால், எந்த வரியில் இடறியது என்று சொல்லும். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் கிட் பாஷ் (Git Bash) என்னும் முனையத்தை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை, நிறுவிக்கொண்டால், கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும் டிஃப் (diff) கட்டளையும் அதனுடன் சேர்ந்தே வந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இரண்டு பெட்டிகளில் ஒட்டினால் வேறுபாட்டைக் காட்டும் இணையப் பக்கங்கள் பல இருக்கின்றன. பாடம் பயில அவை நல்லவை. ஆனால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் உள்ள கோப்பை அவற்றில் ஒட்டாதீர்கள். மொரிசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதர் விவரங்களைக் கையாள்வோர் மீது தெளிவான கடமைகளைச் சுமத்துகிறது. தெரியாமல் ஒட்டிவிட்டேன் என்பது அதற்குப் பதிலாகாது. உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் கருவிகளைக் கொண்டே இங்கே எல்லாவற்றையும் செய்யப்போகிறோம்.

இரண்டாம் படி: வரி ஒப்பீட்டை ஒரு முறையாவது செய்து பார்த்தல்

என் கைக்கு வந்த பட்டியல்களைச் சுருக்கி, எண்களை மாற்றி, இங்கே தருகிறேன். பழைய கோப்பு இது:

```
{
  "நிகழ்வு": "தைப்பூசக் காவடி",
  "இலைகள்": 600,
  "பொருள்கள்": [
    { "எண்": 1, "பெயர்": "அரிசி", "அளவு": 75, "அலகு": "கிலோ" },
    { "எண்": 2, "பெயர்": "பூசணி", "அளவு": 40, "அலகு": "கிலோ" },
    { "எண்": 3, "பெயர்": "கொத்தமல்லி", "அளவு": 2.5, "அலகு": "கிலோ" }
  ]
}
```

புதிய கோப்பு இது:

```
{
  "இலைகள்": "600",
  "நிகழ்வு": "தைப்பூசக் காவடி",
  "பொருள்கள்": [
    { "எண்": 3, "பெயர்": "கொத்தமல்லி", "அளவு": 2.50, "அலகு": "கிலோ" },
    { "எண்": 1, "அலகு": "கிலோ", "பெயர்": "அரிசி", "அளவு": 80 },
    { "எண்": 2, "பெயர்": "பூசணி", "அளவு": 40, "அலகு": "கிலோ", "குறிப்பு": "" }
  ]
}
```

டிஃப் கட்டளை 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக உருவானது. அதன் வழிமுறையை விளக்கும் அறிக்கையை ஜேம்ஸ் ஹன்ட்டும் டக்ளஸ் மக்கில்ராயும் 1976இல் வெளியிட்டார்கள். இரண்டு கோப்புகளிலும் ஒரே வரிசையில் வரும் பொது வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்து, அத்தொடரில் அடங்காத வரிகளை நீக்கப்பட்டவை, சேர்க்கப்பட்டவை என்று குறிப்பதே அதன் வேலை. மேலே உள்ள கோப்புகளை அதனிடம் கொடுத்தால், நான்கு வரிகள் கழித்தல் குறியோடும் நான்கு வரிகள் கூட்டல் குறியோடும் வரும். ஒன்பது வரிக் கோப்பில் எட்டு அடையாளங்கள்! சமையல் குழுவுக்குத் தேவைப்பட்டதோ, அரிசி 75 கிலோவிலிருந்து 80 ஆகியிருக்கிறது என்ற ஒரே செய்தி.

டிஃப் தவறு செய்யவில்லை. அதற்குத் தெரிந்தது வரி மட்டுமே. சாவி, மதிப்பு, பட்டியல் என்ற அமைப்பை அது அறியாது. நிரல் எழுதப்பட்ட கோப்புகளுக்கு வரி ஒப்பீடு இன்றும் மிகச் சிறந்தது. அமைப்புள்ள தரவுக்கு அதை அப்படியே பயன்படுத்துவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் பிழை. ஆனாலும் அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால், கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்று உறுதியாகிவிடும். மேற்கொண்டு வேலையே இல்லை.

மூன்றாம் படி: சாவிகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவருதல்

ஜேசன் அமைப்பைத் தற்போது வரையறுக்கும் 2017ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 8259 என்னும் இணையத் தரநிலை ஆவணப்படி, சுருள் அடைப்புக்குள் வரும் ஆப்ஜெக்ட் என்பது வரிசையற்ற தொகுப்பு. "இலைகள்" முதலில் வந்தாலும் "நிகழ்வு" முதலில் வந்தாலும் பொருள் ஒன்றே. எனவே இந்த வகை வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடலாம். ஜேகியூ கருவியில் பெரிய எஸ் எழுத்தை விருப்பக்குறியாகக் கொடுத்தால், ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் சாவிகளை அகரவரிசைபோல் அடுக்கி, ஒரே உள்தள்ளலில் புதிய கோப்பாக எழுதித் தரும். பைத்தான் பழகியவர்கள், ஜேசன் நூலகத்தில் சாவிகளை அடுக்கும் விருப்பத்தை இயக்கி இதையே செய்யலாம். அப்போது, ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கி குறியீட்டில் எழுதும் கட்டாயத்தை (ensure_ascii) நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் எண் குறியீடுகளாக மாறி, வெளிவரும் கோப்பு படிக்க முடியாததாகிவிடும்.

இரண்டு கோப்புகளையும் இப்படி அடுக்கிய பின் மீண்டும் டிஃப் ஓட்டுங்கள். சாவி இடம் மாறியதால் வந்த அடையாளங்கள் மறைந்துவிடும். ஒவ்வொரு மதிப்பும் தனி வரியில் வந்துவிடுவதால், மீதமிருக்கும் வேறுபாடுகளும் துல்லியமாகத் தெரியத் தொடங்கும். இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டாலே அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

நான்காம் படி: பட்டியலின் வரிசை பொருள் உள்ளதா, இல்லையா

சதுர அடைப்புக்குள் வரும் பட்டியல் வேறு விதமானது. அதே ஆவணம் அதை வரிசையுள்ள தொடர் என்கிறது. அதனால்தான் ஜேகியூ சாவிகளை அடுக்கும்போது பட்டியல் உறுப்புகளைத் தொடுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் கொத்தமல்லி மூன்றாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்திருக்கிறது. அது வேறுபாடா? கடையில் வாங்கும் பட்டியலுக்கு அது வேறுபாடே அன்று. பரிமாறும் ஒழுங்கைச் சொல்லும் பட்டியலாக இருந்தால் அது பெரிய வேறுபாடு.

வரிசையே பொருளாகும் இடங்கள் உண்டு என்பதை மொரிசியஸ் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1998இல் புதிய ரூபாய் நோட்டுகள் வெளிவந்தபோது, வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து அச்சிடப்பட்டுவந்த தமிழ், இந்திக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. மொழிகள் அதே மூன்று. இடம் மட்டுமே மாறியது. தமிழ் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையில் மீண்டும் வெளியிடப்பட்டன. பட்டியலை வரிசையற்றதாகக் கருதும்படி அமைத்த ஒரு கருவியிடம் அந்த இரண்டு நோட்டுகளையும் தரவாகக் கொடுத்திருந்தால், வேறுபாடு எதுவும் இல்லை என்றே அது சொல்லியிருக்கும். ஆகவே வரிசையைப் புறக்கணி என்ற அமைப்பை இயக்குவதற்கு முன், ஒவ்வொரு பட்டியலையும் பற்றித் தனித்தனியே சிந்தித்துப் பாருங்கள். கோப்பு முழுவதற்கும் ஒரே விதியை வைத்துவிடாதீர்கள்.

வரிசை பொருளற்றது என்று முடிவு செய்தால், உறுப்புகளை எந்தச் சாவியைக் கொண்டு இணை சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. எங்கள் பட்டியலில் "எண்" அதற்கு உதவியது. ஜேகியூவின் சார்ட் பை என்னும் செயற்கூற்றிடம் "எண்" சாவியைச் சொன்னால், இரண்டு கோப்புகளிலும் அரிசி முதலிலும் பூசணி இரண்டாவதாகவும் கொத்தமல்லி மூன்றாவதாகவும் வந்துவிடும். தமிழில் சாவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: புள்ளிக்குப் பின் சாவியை நேரடியாக எழுதும் சுருக்கம் ஆங்கில எழுத்துச் சாவிகளுக்கே செல்லும், தமிழ்ச் சாவியை மேற்கோள் குறிக்குள் வைத்தே எழுத வேண்டும்.

ஆள்களின் பட்டியலில் பெயரைக் கொண்டு இணை சேர்க்காதீர்கள். நம் பெயர்களைப் பிரெஞ்சு ஒலிப்பு முறையில் எழுதிய ஆவணமும் ஆங்கில ஒலிப்பு முறையில் எழுதிய ஆவணமும் ஒரே குடும்பத்திலேயே இருக்கின்றன. முருகன் என்ற ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்கள் என்று உங்கள் உறவினரின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தால் தெரியும். பெயரால் இணை சேர்த்தால், ஒருவர் நீக்கப்பட்டு வேறொருவர் சேர்க்கப்பட்டதாக அறிக்கை வரும். மாறாத ஓர் எண்ணைக் கொண்டு இணை சேர்த்தால், அதே ஆளின் பெயர் எழுத்துக்கூட்டல் மாறியது என்று சரியாக வரும்.

ஐந்தாம் படி: அமைப்பு ஒப்பீட்டை ஓட்டி அறிக்கையைப் படித்தல்

இனி, அமைப்பை அறிந்த ஒப்பீட்டுக் கருவியைப் பயன்படுத்தலாம். பைத்தானில் டீப்டிஃப் என்னும் நூலகமும், ஜாவாஸ்கிரிப்டில் ஜேசன்டிஃப்பேட்ச் என்னும் நூலகமும், முனையத்தில் ஓடும் ஜேடி கருவியும், ஜேசன் போன்ற மற்றொரு தரவு வடிவமான யாமல் (YAML) கோப்புகளுக்கு டைஃப் (dyff) கருவியும் இந்த வேலைக்கே உருவானவை. புதியவர்கள் டீப்டிஃபில் தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். வகை மாறியதையும் மதிப்பு மாறியதையும் அது தனித்தனித் தலைப்புகளில் பிரித்துக் காட்டுவதால், படிக்கக் கற்றுக்கொள்வது எளிது.

கருவிக்குக் கருவி அறிக்கையின் தோற்றம் மாறும். என்றாலும், மாற்றம் நடந்த இடத்துக்கு ஒரு பாதையையும், பழைய மதிப்பையும், புதிய மதிப்பையும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் தருகின்றன. அடுக்கி முடித்த நம் இரண்டு கோப்புகளுக்கும் வரும் செய்தியைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
/இலைகள்               600  →  "600"
/பொருள்கள்/0/அளவு       75   →  80
/பொருள்கள்/1/குறிப்பு     புதிதாகச் சேர்ந்தது: ""
```

பாதையில் வரும் 0 என்பது முதல் உறுப்பு. எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. எட்டு அடையாளங்கள் மூன்றாகக் குறைந்துவிட்டன. கொத்தமல்லியின் 2.5, 2.50 ஆகியவை எண்ணாக ஒன்றே என்பதால் அமைப்புக் கருவி அவற்றைப் பேசவே இல்லை. ஜேகியூவும் டிஃபும் மட்டும் கொண்டு வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு சிறு இடையூறு உண்டு: ஜேகியூவின் 1.7 பதிப்பு முதல் எண்ணை எழுதியபடியே காப்பாற்றுவதால், அந்த வரி வேறுபாடாக எஞ்சி நிற்கும்.

முதல் வரியை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். 600 என்பது எண்; மேற்கோள் குறிக்குள் வரும் "600" என்பது எழுத்துத் தொடர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டையும் நிரல் ஒன்றாக நடத்தாது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணோடு 50ஐக் கூட்டினால் 650 கிடைக்கும். எழுத்துத் தொடரோடு கூட்டினால் 60050 என்று ஒட்டிக்கொள்ளும். வாழையிலை தருவிக்க 60050 என்று எழுதிய சீட்டு கடைக்காரரிடம் போவதற்கு முன் இதைப் பிடித்துவிட வேண்டும். மூன்றாம் வரியும் அதுபோலவே. சாவியே இல்லாதிருத்தல், சாவி இருந்து வெறுமையான எழுத்துத் தொடர் இருத்தல், சாவி இருந்து நல் (null) என்னும் இன்மை மதிப்பு இருத்தல் ஆகிய மூன்றும் மூன்று வேறு நிலைகள். ஜேசன் மெர்ஜ் பேட்ச் என்னும் மாற்றக் குறிப்பு முறையில் நல் என்று எழுதினால், அந்தச் சாவியை நீக்கு என்றே பொருள். அதனால் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொள்ளலாமா என்பதைத் தரவைப் பயன்படுத்தும் குழுவிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: ஒன்றுபோல் தெரிந்தும் வேறாக நிற்கும் மதிப்புகள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நான் மிக அதிக நேரம் செலவிட்டதும் இங்கேதான்.

என்னிடம் இருந்த உண்மையான கோப்புகளை ஒப்பிட்டபோது, "கொத்தமல்லி" நீக்கப்பட்டு "கொத்தமல்லி" சேர்க்கப்பட்டதாக அறிக்கை வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன்; எழுத்துரு மாற்றிப் பார்த்தேன்; இம்மியும் வேறுபாடு தெரியவில்லை. கடைசியில் பைத்தானிடம் இரண்டு சொற்களின் நீளத்தைக் கேட்டேன். ஒன்றுக்கு 10 என்றது, மற்றொன்றுக்கு 11 என்றது. காரணம் முதல் எழுத்தான "கொ"வில் இருந்தது. யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பு ஒரு குறியீடு, பின்னால் வரும் கால் ஒரு குறியீடு என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு என்பதால், ஒரு சொல் 30 பைட்டு, மற்றொன்று 33 பைட்டு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்யப்பட்டவை என்பது விசாரித்த பிறகு தெரிந்தது.

இதற்கு மருந்து எளியது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கோப்புகளின் எழுத்துகளையும் என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. மதிப்புகளை மட்டுமல்லாமல் சாவிகளையும் மாற்ற வேண்டும். சாவியில் இந்தக் கோளாறு இருந்தால் ஒரு சாவி மறைந்து வேறொன்று தோன்றியதாகவே அறிக்கை சொல்லும்.

இயல்பாக்கலும் தீர்க்காத சில உண்டு. "கௌ" என்பதற்குப் பதிலாகக் கொம்பு வைத்த "கெ"யும் தனி "ள"வும் சேர்த்துச் சிலர் தட்டச்சு செய்கிறார்கள். அது எழுத்துப் பிழை. இயல்பாக்கம் பிழையைத் திருத்தாது. கோயில் பெயர்களின் முன்னால் வரும் "ஸ்ரீ"யையும் இரண்டு விதமாகக் குறியேற்றலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், என்எஃப்சிக்குப் பின்னும் இரண்டும் வேறாகவே நிற்கும். இவற்றுக்கு நீங்களே ஒரு சிறு மாற்று அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்களுக்கு வருவோம். பிரெஞ்சு அமைப்பில் இயங்கும் எக்செல், தசமத்துக்குக் காற்புள்ளியைப் பயன்படுத்துவதால், அட்டவணையை வெறும் உரையாகச் சேமிக்கும் சிஎஸ்வி (CSV) கோப்பில் கட்டங்களை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. ஆங்கில அமைப்பில் அதே கோப்பு காற்புள்ளியால் பிரிக்கப்படும். "1,250" என்பது ஒருவருக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது, மற்றவருக்கு ஒன்றே கால். நம் நாட்டு அலுவலகங்களில் இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்த மேசைகளில் இருக்கின்றன. போதாக்குறைக்கு, பிரெஞ்சு முறையில் ஆயிரத்தைப் பிரிக்க இடப்படும் வெற்றிடம் சாதாரண வெற்றிடமாக இல்லாமல், வரி முறியாத தனி வெற்றிடக் குறியாக இருப்பதுண்டு. அதுவும் கண்ணுக்குப் புலப்படாது. சிஎஸ்வியை ஜேசனாக மாற்றும் கட்டத்திலேயே பிரிப்புக் குறியையும் தசமக் குறியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கருவியே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

மிகப் பெரிய முழு எண்களிலும் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் எண்களை இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளியாக வைப்பதால், 9007199254740992ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறிய முடியாமல் போகிறது. ஜேகியூவின் பழைய பதிப்புகளிலும் அப்படியே. இரண்டு வேறு அடையாள எண்கள் ஒன்றே என்று கருவி சொல்லிவிட்டால், அதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. நீளமான அடையாள எண்களை எழுத்துத் தொடராகவே வைத்திருங்கள்.

தேதியில், நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க மென்பொருள்கள் மாதத்தை முதலில் எழுதுகின்றன. ஆண்டு, மாதம், நாள் என்ற பன்னாட்டு வரிசைக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். மொரிசியஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட நான்கு மணி முன்னால் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். காவடி நாளின் நள்ளிரவு 0 மணியை ஒரு மென்பொருள் உலக நேரமாக மாற்றிச் சேமித்தால், அது முந்தின நாள் இரவு 8 மணியாகப் பதிவாகும். தேதியை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிடுபவருக்கு விழாவே ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டதாகத் தெரியும்.

யாமல் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: யாமல் 1.1 விதிகளின்படி, மேற்கோள் குறியின்றி எழுதிய யெஸ், நோ போன்ற சொற்கள் உண்மை, பொய் என்ற மதிப்புகளாக மாறிவிடும். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடான NO இதனால் பொய் என்று மாறியது பலருக்கும் தெரிந்த சிக்கல்.

ஏழாம் படி: புறக்கணிப்பு விதிகளை எழுதி வைத்தல்

ஒவ்வொரு முறை ஏற்றுமதி செய்யும்போதும் மாறும் சாவிகள் இருக்கும்: கோப்பு உருவான நேரம், பதிப்பு எண், தானே பிறக்கும் அடையாளக் குறி போன்றவை. டீப்டிஃபில் குறிப்பிட்ட பாதைகளை விலக்கும் வசதி உண்டு. ஜேகியூவில் டெல் என்னும் செயற்கூறு அந்தச் சாவிகளை நீக்கிவிடும். எவற்றை விலக்கினீர்கள், ஏன் விலக்கினீர்கள் என்பதை ஒரு கோப்பில் எழுதி, ஒப்பீட்டு நிரலோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைப் படிக்கும்போது, அறிக்கையில் வராதது உண்மையிலேயே மாறவில்லையா, அல்லது நீங்கள் பார்க்க வேண்டாம் என்று விட்டதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சில இடங்களில் விலக்குவதைவிட மாற்றி ஒப்பிடுவதே சரி. 2013 செப்டம்பரில் மொரிசியஸ் செல்பேசி எண்களின் முன்னால் 5 சேர்க்கப்பட்டு, ஏழு இலக்க எண்கள் எட்டு இலக்கமாயின. அதற்கு முந்திய தொண்டர் பட்டியலை இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டால், ஒவ்வொருவரின் செல்பேசி எண்ணும் மாறியதாகவே வரும். தொலைபேசிச் சாவியையே விலக்கிவிட்டால், உண்மையில் எண் மாற்றியவர்களும் மறைந்துபோவார்கள். பழைய கோப்பின் நகலில் செல்பேசி எண்களுக்கு மட்டும் 5ஐச் சேர்த்துவிட்டு ஒப்பிட்டால், எண் மாற்றியவர்கள் மட்டும் தனியே தெரிவார்கள். வீட்டுத் தொலைபேசிகள் ஏழு இலக்கமாகவே தொடர்வதால், அவற்றுக்குச் சேர்த்துவிடக் கூடாது.

எட்டாம் படி: மாற்றத்தைப் பதிவு செய்து, ஒப்பீட்டைத் தானே நடக்கச் செய்தல்

கண்ட வேறுபாட்டை மற்றொரு மென்பொருளுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், 2013இல் வெளியான ஆர்எஃப்சி 6902 வரையறுக்கும் ஜேசன் பேட்ச் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சேர்த்தல், நீக்கல், மாற்றி வைத்தல், நகர்த்தல், நகலெடுத்தல், சோதித்தல் என்ற ஆறே செயல்களைக் கொண்ட பட்டியல் அது. சோதித்தலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அரிசியின் அளவு இப்போது 75தானா என்று முதலில் சோதித்து, ஆம் என்றால் மட்டும் 80 ஆக்கு என்று எழுதினால், இடையில் வேறொருவர் செய்த திருத்தத்தை அறியாமல் அழித்துவிடும் வாய்ப்பு இல்லாமல் போகிறது.

தினந்தோறும் ஒப்பிட வேண்டிய கோப்புகளுக்கு, மேற்சொன்ன படிகளை ஒரு சிறு நிரலில் எழுதித் தானே ஓடும்படி வைக்கலாம். டிஃப் கட்டளை முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது: வேறுபாடு இல்லை என்றால் 0, வேறுபாடு உண்டு என்றால் 1, கோப்பு கிடைக்கவில்லை போன்ற இடர் நேர்ந்தால் 2. எண் 1 வந்தால் மட்டும் செய்தி அனுப்பு என்று நிரல் எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி எழுதினால், புதிய கோப்பு வந்து சேராத நாளில் 2 திரும்பும், செய்தி எதுவும் வராது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று குழு நம்பிக்கொண்டிருக்கும். 0 வந்தால் மட்டும் அமைதியாக இருக்கும்படியும், வேறு எந்த எண் வந்தாலும் செய்தி அனுப்பும்படியும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், கோப்புகளில் ஒன்றை வேண்டுமென்றே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, செய்தி வருகிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.